மீனைக் கொல்லாத மலை

மீன் தொட்டி செய்யறது சுலபம். அதுல விட்ட மீன் மறுநாள் காலையில நீந்திக்கிட்டிருக்கணும், அதுதான் தொழில். ஆசை ஆசையா மீன் வாங்கி, அடுத்த நாளே காகிதத்துல பொட்டலம் கட்டிச் செடிக்கடியில புதைச்ச மகாஜனங்களே, நீங்க விட்ட சாபத்துல பாதி எனக்குச் சேர வேண்டியது.

ராயபுரத்துல நான் ஹார்பர் பெயிண்டர். பன்னெண்டு வருஷம் கப்பல் வயித்துக்குள்ள உக்காந்து பெயிண்ட் அடிச்சதுல நெஞ்சு கெட்டு, ஓயாத இருமலாப் போச்சு. "இன்னும் ஒரு வருஷம் அந்த நெடியில நின்னியானா, அப்புறம் என்கிட்ட வராதே, நேரா பாதிரியார்கிட்ட போயிடு"ன்னுட்டார் டாக்டர். மேஸ்திரி நல்ல மனுஷன். மூணு மாசம் என் இடத்தை விட்டு வைக்கறேன்னார். அதுக்குள்ள வேற பொழப்பைப் பிடிக்கணும், இல்லாட்டி மறுபடி கப்பல் வயிறுதான். என் சம்சாரம் ரெஜினா மாதா கோயில்ல தினமும் மெழுகுவத்தி ஏத்த ஆரம்பிச்சா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இரும்புச் சட்டத்துல கண்ணாடி பொருத்தறதும் பெயிண்ட் அடிக்கறதும்தான். சரி, மீன் தொட்டின்னு இறங்கிட்டேன்.

ஒண்ணும் ஒட்டாத பெயிண்ட்

முதல் ஆர்டர் சலூன் கோவிந்தசாமி அண்ணன் குடுத்தது. அவர் கடைக்கு எதிர்ல புதுசா ஒரு சலூன் வந்து, ரேடியோ வெச்சு, இவரோட ஆளுங்களையெல்லாம் இழுத்துக்கிட்டிருந்துச்சு. "அவன் காதுக்குக் குடுத்தா நான் கண்ணுக்குக் குடுக்கறேன்"னு அண்ணனுக்கு வைராக்கியம். தொட்டிக்குப் பின்னால மொட்டைச் சுவர் தெரியக் கூடாது, கடலுக்கு அடியில இருக்கறாப்பல காட்சி வேணும்னார்.

காட்சிதானே! ஒரு பலகையில பாறை, பாசி எல்லாம் வரைஞ்சு தொட்டிக்குள்ள பின்பக்கமா நிறுத்தினேன். தண்ணியில உரியாத பெயிண்ட் எதுன்னு ஹார்பர்காரனைக் கேட்டா வேற என்ன சொல்வான்? கப்பலோட அடிப்பாகத்துக்கு அடிக்கற சிவப்புப் பெயிண்ட்! வருஷக்கணக்கா கடல்ல கிடந்தாலும் அதுல ஒரு சிப்பி ஒட்டாது. ஏன் ஒட்டாதுன்னு இந்த மண்டு என்னிக்காவது யோசிச்சிருப்பானா? ஒட்ட வர்ற உசிரைக் கொல்றதுக்குன்னே அதுல விஷம் கலந்திருக்கு. காலையில போய்ப் பார்த்தா பத்து மீனும் மல்லாந்து மிதக்குது. கோவிந்தசாமி அண்ணன் தொட்டியைச் சுத்திச் சுத்தி வந்தார். கோவிச்சுக்கக்கூட இல்ல.

"பெயிண்ட்டு சோக்காத்தான் கீது, சேவியரு. மீனுதான் நிக்கல."

சிமெண்ட் மலை

இனி பெயிண்ட் வாசனையே வேணாம்னு முடிவு பண்ணினேன். கம்பி வலையை வளைச்சு, மேல சிமெண்ட் பூசி, எண்ணூர் கரையில பொறுக்கின கிளிஞ்சலைப் பதிச்சு, நடுவுல ரெண்டு குகை விட்டு, ஒரு மலையே செஞ்சேன். நானே மயங்கிட்டேன்னா பார்த்துக்கங்க. ரெண்டு நாள் வெயில்ல காய்ஞ்சு கல்லாட்டம் ஆயிடுச்சு. கல்லுன்னா பயமில்லைன்னு தொட்டியில இறக்கி, தண்ணி ஊத்தி, மீனை விட்டேன்.

மத்தியானம் எல்லா மீனும் மேல வந்து வாயைப் பிளந்துச்சு. சாயங்காலம் ஒண்ணும் மிச்சமில்லை. சிமெண்ட்டுல இருக்கற சுண்ணாம்பு தண்ணியில இறங்கிக்கிட்டே இருக்கும்னு கொத்தனார் ஒருத்தர் சாவகாசமா வந்து சொன்னார். அதை முந்தின நாளே சொல்லியிருக்கப்படாதா? ரெண்டு மாசம் ஓடிப்போயிருந்துச்சு. அன்னிக்கு நிஜமாவே பயந்துட்டேன். செத்த மீனை வாளியில எடுத்துக்கிட்டு சலூன் வாசல்ல நின்னா, கூடையில மீன் விக்கற கன்னியம்மா அக்கா எட்டிப் பார்த்துத் தலையில அடிச்சுக்கிச்சு.

"தே, நாங்க மீனைப் புடிச்சா ஒரு ஊரு துன்னும். நீ புடிச்சா காக்காகூட துன்னாது போலக்கீதே, நைனா!"

சிமெண்ட்டுக்கு ஆலம்

மலையை உடைச்சுப் போட மனசு வரலை. பெரிய தொட்டித் தண்ணியில ஊறப்போட்டு, தினமும் தண்ணி மாத்தினேன். சரி, எத்தனை நாள் மாத்தறது? சுண்ணாம்பு போயிடுச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? ஒருத்தருக்கும் பதில் தெரியலை. இன்னொரு தடவை மீன் செத்தா கோவிந்தசாமி அண்ணன் தொட்டியை என் தலையில கவுத்திடுவார்.

அப்பத்தான் பக்கத்து வூட்டுப் பொண்ணு அம்சா கல்யாணம் முடிஞ்சு மாப்பிள்ளையோட வந்து இறங்குச்சு. ஆரத்தி சுத்த ரெஜினா அவசரமா ஆலம் கரைச்சா. மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு பட்டதும் குப்புன்னு செவந்துச்சு. அடடா! சின்னப் புள்ளையிலேருந்து பார்க்கறதுதானே, அதுவரைக்கும் தோணலையே! பொண்ணு மாப்பிள்ளையைக்கூடப் பார்க்காம உள்ள ஓடி, மலை ஊறின தண்ணியில ஒரு டம்ளர் மொண்டு, ஒரு சிட்டிகை மஞ்சளைப் போட்டேன். செவந்துச்சு. அப்போ சுண்ணாம்பு இன்னும் இருக்கு.

அதுலேருந்து தினமும் இதே வேலை. சுண்ணாம்பைப் புளிப்பு முறிக்கும்னு ஒரு நாள் முழுக்கப் புளித் தண்ணியில ஊறவெச்சேன், கழுவினேன், மறுபடி நல்ல தண்ணி, மறுபடி ஒரு டம்ளர், ஒரு சிட்டிகை. செவப்பு மெதுவா மங்கிக்கிட்டே வந்துச்சு. மூணாவது வாரம் ஒரு நாள் மஞ்சள் மஞ்சளாவே நின்னுச்சு. நான் டம்ளரைத் தூக்கிக்கிட்டு ஆடினேன். மஞ்சள் டப்பாவைக் கவுத்துப் பார்த்த ரெஜினா சொன்னா:

"ஊருல எல்லாரும் மாப்பிள்ளைக்கு ஆலம் சுத்துவாங்க. என் தலையெழுத்து, சிமெண்ட்டுக்குச் சுத்தறேன்."

ரெண்டு குட்டை மீன்

ரெண்டு தடவை சூடுபட்ட பூனை நான். மஞ்சள் சொன்னாலும் மீன் சொல்லணும் இல்லையா? மாதவரம் பக்கம் குட்டையில ரெண்டு பொடி மீனைப் பிடிச்சாந்து, மலை இருக்கற அதே தண்ணியில ஒரு வாரம் விட்டு வெச்சேன். அதுங்களும் செத்திருந்தா நான் திங்கட்கிழமையே ஹார்பருக்குப் போயிருப்பேன். கோவிந்தசாமி அண்ணன் கடை திறக்கறதுக்கு முன்னாடி தினமும் என் வூட்டு வாசல்ல ஆஜர். ஏழாம் நாள் அவரே குனிஞ்சு பார்த்தார். ரெண்டும் குகைக்குள்ள புகுந்து விளையாடிக்கிட்டிருந்துச்சு.

"இன்னாபா, இதுங்க நம்மளவிடக் குஷியா கீதுங்க! தூக்கு தொட்டிய!"

மேஸ்திரி வந்த நாள்

தொட்டி சலூனுக்குப் போய் ஒரு வாரம் ஆச்சு. ஒரு மீன்கூடச் சாகலை. முடி வெட்டிக்கிட்டவங்ககூட எழுந்து போகாம பெஞ்சில உக்காந்திருந்தாங்க. அன்னிக்கு நான் தொட்டிக்குத் தண்ணி மாத்திக்கிட்டிருக்கறப்போ மேஸ்திரி உள்ள வந்தார். மூணு மாசம் முடிஞ்சிருந்துச்சு. "கப்பல் வந்துகினு கீது, சேவியர். திங்கக்கிழமை வந்துடு"ன்னார். ஒரு தொட்டியை நம்பி, வர மாட்டேன்னு எந்த வாயால சொல்றது?

"வந்ததுதான் வந்தோம், ஷேவிங் பண்ணிக்கறேன்"னு அவர் பெஞ்சில உக்காந்தார். ஒரு கறுப்பு மீன் குகைக்குள்ள போய் அந்தப் பக்கமா வெளிய வந்துச்சு. மறுபடி போச்சு, மறுபடி வந்துச்சு. அவரோட முறை வந்துடுச்சு. கோவிந்தசாமி அண்ணன் ரெண்டு தடவை கூப்பிட்டும் மேஸ்திரி எழுந்திருக்கலை. ரொம்ப நேரம் கழிச்சு என்னை மேலயும் கீழயும் பார்த்தார்.

"வந்ததுலேருந்து பார்க்கறேன், ஒரு தபா கூட நீ இருமல. திங்கக்கிழமை வரவேணாம், உன் எடத்துக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன். நீ என் வூட்டுக்கு ஒரு தொட்டி செய்யி."

ஆக, என் தொழிலோட லட்சணம் இவ்வளவுதான்: மீன் செத்தா சேவியர் கொன்னுட்டான், பொழைச்சா அது நல்ல ஜாதி மீன்.