உமிச்சாம்பல் சிமெண்ட்

சிமெண்ட் பர்மிட்டுக்காகத் திருவண்ணாமலை தாலுகா ஆபீஸில் வரிசையாக நின்ற காலம் அது. எனக்கு முன்னால் நின்றவர் அரிசி மில்காரர். புருவத்தில்கூடச் சாம்பல் படிந்திருந்தது. மில் பாய்லரில் எரிந்த உமியின் சாம்பலைச் சுண்ணாம்போடு அரைத்து அவரே ஒரு சிமெண்ட் செய்திருந்தார். அதில் வார்த்த கறுப்புக் கட்டி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து எல்லோரிடமும் நீட்டினார்.

"நகத்தால கீறிப் பாருங்க."

கீறினேன். என் நகம்தான் உடைந்தது.

"அப்புறம் நீங்க ஏங்க இங்க நிக்கிறீங்க?"

"பொண்ணுக்கு வீடு கட்டறேன். சாம்பல்ல கட்ட வேணாம்னு வீட்ல சொல்லிட்டாங்க. நெத்தி நெறைய பூசிக்கிறாங்க, செவுத்துல பூச வேணாமாம்," என்றார் களைப்பாக.

அன்று யாருக்கும் பர்மிட் கிடைக்கவில்லை. கட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவர் போய்விட்டார்.

கீறிப் பார்த்த நானும் அவரிடம் ஒரு மூட்டை கேட்கவில்லை. மறுவாரமும் வரிசையில்தான் போய் நின்றேன்.