மழ பேயுதாம்மா?

அந்த விளம்பரத்தின் முதல் வரைவை அலுவலகத்தில் வாசித்துக் காட்டிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கண்டி நகரில் ஒரு சிறிய விளம்பர நிறுவனத்தில் தமிழில் எழுதும் வேலை எனக்கு. தேயிலைத் தோட்டப் பகுதிகளுக்கென்று ஒரு தொலைபேசி நிறுவனம் மலிவான கட்டணத் திட்டமொன்றைக் கொண்டுவந்திருந்தது. வெளியூரிலிருக்கும் மகன் தாயோடு பேசுவதுபோல, “அம்மா, சுகமா இருக்கிறியளோ?” என்று விளம்பரத்தைத் தொடங்கியிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு அதைவிட இயல்பான கேள்வி தெரியவில்லை. தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற அக்கா சிரித்துவிட்டார்.

“எங்க பக்கம் எந்தப் புள்ளயும் இப்படிக் கேக்காது தங்கச்சி.”

அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பதும் தேநீர் போடுவதும் அக்காதான். ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்.

“அப்ப என்னெண்டு கேப்பினம் அக்கா?”

அவர் தட்டை மேசையில் வைத்தார்.

“எம் மகன் கொழும்புல புடவக் கடையில இருந்தான்ல, ஞாயித்துக்கிழம போன் எடுத்தா மொதல்ல, ‘மழ பேயுதாம்மா?’ன்னுதான் கேப்பான். நம்ம கூர ஒழுகும். பேயலன்னு சொன்னாத்தான் மத்த பேச்சு. பேஞ்சாலும் பேயலன்னுதான் சொல்லுவேன்.”

அந்த மகன் டெங்குக் காய்ச்சலில் இறந்து அப்போது இரண்டு வருடமாகியிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவர் உள்ளே போனதும் பழைய வரியை வெட்டிவிட்டு அந்தக் கேள்வியை எழுதினேன். அனுமதி கேட்கத் தோன்றவில்லை என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கேட்டால் வேண்டாமென்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. ஓர் இளம் நடிகரின் குரலில் பதிவுசெய்து, முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டித் தோட்டம் தோட்டமாக அனுப்பினார்கள். ஒரு திங்கட்கிழமை அக்கா என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. எங்க லயத்துப் பக்கம் மட்டும் போடாம இருக்க ஏலாதா?”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். முகாமையாளரிடம் போய்க் கேட்டேன். அந்தப் பக்கம்தான் விற்பனை நன்றாக இருக்கிறது, அங்கே எப்படி நிறுத்துவது என்றார். நான் அதற்குமேல் வாதாடவில்லை. அக்காவிடம் சொன்னபோது, “சரி தங்கச்சி” என்றார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

விளம்பரம் முடிந்த வாரம், அந்தச் செய்தியையாவது சொல்லலாமென்று பஸ் ஏறிப் போனேன். அக்கா பாய் விரித்து உட்காரவைத்து, தேநீர் தந்தார். சுவரில் மாலையிட்ட படத்தில் மகன் வெள்ளைச் சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

“மன்னியுங்கோ அக்கா. விளம்பரத்த நிப்பாட்டிட்டினம். வண்டி இனி இஞ்சால வராது.”

“வண்டி போயிருச்சு,” என்றார். படத்தைப் பார்த்தபடியே மெல்லத் தொடர்ந்தார். “முந்தியெல்லாம் கண்ண மூடினா அவன் கேக்குறது கேக்கும். இப்ப நெனச்சா அந்த வண்டிப் பையன் கொரல்தான் வருது. எம் புள்ள கொரல் வர மாட்டேங்குது தங்கச்சி.”

இன்றும் எனக்கு அதே வேலைதான். யாராவது தம் வீட்டுப் பேச்சைச் சொல்லத் தொடங்கினால் பேனையை மூடிவைத்துவிடுகிறேன். அக்காவின் மகன் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கும் அந்த நடிகரின் குரல் மட்டும்தான் தெரியும்.