இரவல் போன மருந்து மெசின்

இயற்கை விவசாயச் சான்றிதழுக்குப் பரிசோதனை நடக்கவிருந்த அன்று காலை முழுவதும் கந்தகத்தை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். செஞ்சிலந்தி பிடித்த முருங்கைக்குக் கந்தகத் தூள் அடிக்க இயற்கை விவசாய விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அனுமதிக்கப்பட்ட வகையை மட்டும், முன்கூட்டியே கேட்டு அடிக்க வேண்டும். எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தும் வெற்றுப் பைக்கற்றைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சான்றிதழ் போனால் கம்பனி எங்கள் இலையை எடுக்காது. கற்பிட்டியில் முருங்கை இலையை மூட்டை மூட்டையாக வேறு யார் வாங்குவார்கள்? மண்ணை மறுபடி முதலிலிருந்து, வருடக்கணக்காக இரசாயனம் படாமல் வைத்து மாற்றியெடுக்க வேண்டும். அந்த வருடங்களை இன்னொரு தடவை தாங்க எங்களால் முடியாது.

பரிசோதகராக வந்தவர் இளம் பெண். பைக்கற்றையும் அனுமதிக் கடிதத்தையும் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு, தோளில் மாட்டி மருந்தடிக்கிற மெசினைக் காட்டி, இது இந்தத் தோட்டத்துக்கு மட்டும்தானே என்று கேட்டார். ஓம் என்றேன். அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் மிளகாய் செய்கிற என் மனைவியின் நாநா, அவளுடைய அண்ணன், வந்தார்.

"மச்சான், மெசினை இன்னொருக்காத் தாங்க. என்ட இன்னும் திருத்தி வரல்ல."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் இல்லாத நேரம் கொடுத்திருக்கிறாள். வேலியோரம் வந்து கேட்கிற கூடப்பிறந்தவருக்கு ஒரு சாமானை இல்லையென்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது.

என்ன அடித்தீர்கள் என்று பரிசோதகர் கேட்டார். வெள்ளை ஈக்குக் கடையில் வாங்கின இரசாயன மருந்து என்றார் மச்சான். என் முகத்தைக் கண்டதும் என்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

"பயப்பட ஒண்டுமில்ல மிஸ். இரவல் சாமானைக் கழுவாமக் குடுக்கிற ஆளில்ல நான்."

"கழுவின தண்ணிய எங்க ஊத்தினீங்க?"

"இங்கதான். இந்த மணல்ல தண்ணிய வீணாக்கலாமா? மச்சான்ட முருங்கைக்கே ஊத்திட்டன்."

தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்த தண்ணீரையும் மரத்துக்கு விடுகிற ஊர் இது. எனக்கு நல்லது செய்த நிறைவோடு அவர் மரங்களைக் காட்டினார். பரிசோதகர் குனிந்து மண்ணையும் இலையையும் பைகளில் போட்டார். கேடு இந்தச் சில மரங்களோடு போய்விட வேண்டுமே என்று மனத்துக்குள் அல்லாஹ்விடம் துஆக் கேட்டேன்.

"மெசின் போய் வந்தது கந்தகம் அடிக்க முந்தியா, பிந்தியா?" பரிசோதகர் நிமிர்ந்து கேட்டார்.

முந்தியென்றால் மெசின் தொட்டியில் ஒட்டியிருந்த மருந்து கந்தகத்தோடு சேர்ந்து தோட்டம் முழுவதும் போயிருக்கும். மச்சானுக்கு நாள் நினைவில்லை. மனைவிதான் மெதுவாகச் சொன்னாள்.

"இவர் புத்தளம் போன அண்டைக்கு."

அந்த நாள் எதைக் காட்டிக்கொடுக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. பரிசோதகர் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"கந்தகம் வாங்கத்தான் போனேன்," என்றேன்.

அவர் புதிய பைகளை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் கடைசி வரிசையை நோக்கி நடந்தார்.