பங்களா கேட்டோடு நின்ற ரோடு

எங்கள் பிரதேச சபைக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. கோட்டு, சங்கிலிக் கடிகாரம், முறுக்கு மீசை. நூறு வருடங்களுக்கு முன் இந்தப் பக்கத்துக்காகச் சட்டசபையில் பேசியவர். குதிரையில் வந்து குறை கேட்பாராம். ஆற்றுக்குப் பாலமும் ஊருக்கு ஆஸ்பத்திரியும் அவர் காலத்தில் வந்தவை. அவருக்கு நினைவு மலர் போடச் சபை முடிவு செய்தது. உறுப்பினர்களில் தமிழச்சி நான் ஒருத்திதான் என்பதால் தமிழ்ப் பகுதி என் தலையில் விழுந்தது.

எழுத எனக்கென்ன பயம்? சிங்களத்திலேயே சண்டை போடுகிறவள் நான். ஆனால் அவர்கள் கொடுத்த குறிப்பில் ‘தோட்ட மக்களுக்கு ரோடு போட்டுத் தந்தவர்’ என்றிருந்தது. படித்ததும் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் போட்ட ரோடு துரை பங்களா கேட்டோடு நின்றுவிட்டது. அன்றைக்குத் துரைக்கு ஓட்டு இருந்தது, எங்களுக்கு இல்லை. அங்கிருந்து தொழிலாளர்கள் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு ரப்பர் மரங்களுக்கு நடுவே வழுக்குப் பாதைதான். முந்தின வருடம் அந்தப் பாதையில்தான் என் அண்ணியைக் கம்பளியில் போட்டு, கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளை வழியிலேயே பிறந்து வழியிலேயே போய்விட்டது. இப்போது அண்ணி மறுபடி வாயும் வயிறுமாக இருந்தார்.

பெரியவரைப் பற்றிக் குறிப்பில் இருந்த எல்லாவற்றையும் மரியாதையாக எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘இவர் போட்ட ரோடு பங்களா கேட்டு வரை வந்தது, லயத்துக்கு இன்னும் வரவில்லை.’

சபைத் தவிசாளர் கூப்பிட்டனுப்பினார். “நங்கி, பெரியவரோட குடும்பம் விழாவுக்கு வருது. அந்த ஒரு வரிய எடுத்துடுங்க.” தங்கச்சி என்று சிங்களத்தில் அழைத்தால் நான் இளகிவிடுவேன் என்று அவருக்கு நினைப்பு.

“எடுத்துடறேன் சேர். ரோட்டப் போடுங்க, அன்னைக்கே எடுத்துடறேன்.”

“அது தோட்டத்துக் காணியாச்சே.”

“தோட்டத்து ரோட்டுக்கும் சபை செலவழிக்கலாம்னு சட்டத்த மாத்தியாச்சு சேர். தோட்டத்து மனேஜரோட சம்மதக் கடிதம் இந்தா இருக்கு.” கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

மலர் அச்சுக்குப் போகாமல் கிடந்தது. விழா நெருங்க நெருங்க, பங்களா கேட்டிலிருந்து கொங்கிரீட் ரோடு மலையேறியது. லயத்து ஆட்கள் எல்லோருமாகக் கல் சுமந்தோம். ரோடு எங்கள் வாசலைத் தொட்ட அன்று, சொன்ன சொல் தவறாமல் அந்த வரியை நானே பேனாவால் அடித்துவிட்டு வந்தேன்.

மலர் வந்ததும் அண்ணன் வாங்கிப் படித்தார். “என்னம்மா இது, அந்த மனுசன்தான் லயத்துக்கு ரோடு போட்ட மாதிரியில்ல இருக்கு? ஒன் பேரையே காணோம்.”

எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. பதில் சொல்வதற்குள் அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஆட்டோவுக்குப் போன் போட்டேன். பத்து நிமிடத்தில் அது வாசலில் வந்து நின்றது. பழக்க தோஷத்தில் அண்ணன் கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“அத உள்ள வைங்க,” என்றார் அண்ணி. “நானே நடந்து ஏறிக்கிறேன்.”