ஏழாம் இலக்கம் கேட்டவர்

தவராசா அண்ணை இறந்த செய்தி எனக்கு ஒரு படமாகத்தான் வந்தது. மதிலில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலை யாரோ கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். வவுனியாவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவருடைய முகத்தைப் பார்க்கமுன், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்ததைத்தான் பார்த்தேன்: பன்னெண்டு. பட்டப்பெயர் போடாமல் அறிவித்தல் அடித்தால் செத்தது யாரென்று ஊருக்குத் தெரியாது. வீட்டுக்காரரில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சரியாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். அன்றிலிருந்து ஒருவர்.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய மகள் சுதர்சினி கேட்டார். இப்படியான புத்தகங்களில் எல்லோரும் நல்லவர்களாகவே இருப்பார்கள். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. தவராசா அண்ணை கோபக்காரர், எடுத்தெறிந்து பேசுபவர், கூட்டங்களுக்குப் பிந்தி வந்து முதலில் பேசுபவர். உங்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எழுத வந்தது வேறு.

யுத்தத்துக்குப் பிறகு மீள்குடியேற்றம் முடிந்த புதிதில் நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் வாழ்வாதார உத்தியோகத்தராக உங்கள் ஊருக்கு வந்தேன். பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாமுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்த நாற்பது குடும்பங்களுக்கு முதலில் தூண்டில் சாமான், பிறகு வலை என்பது திட்டம். தவராசா அண்ணை அப்போது மீனவர் சங்கச் செயலாளர். சங்கக் கூட்டத்தில் சாமான் பட்டியலை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முள்ளு என்று வந்த இடத்தில் நிறுத்தி, அது என்னவென்று கேட்டேன்.

“சாப்பிடேக்கை தொண்டையிலை சிக்கிறது உங்கடை முள்ளு, மிஸ். மீன்ரை தொண்டையிலை சிக்கிறது எங்கடை முள்ளு” என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “ஏழாம் இலக்கம் எண்டு எழுதுங்கோ.”

சாமான் தெரிவுசெய்ய இருவரும் வவுனியாவுக்குப் போனோம். மொத்தக் கடை ஒன்றில் அரை நாள் நின்றோம். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு முள்ளை எடுத்து நுனியைப் பெருவிரல் நகத்தில் வைத்து இழுத்தார். வழுக்கினால் ஒதுக்கினார், நகத்தில் குத்தி நின்றால் வைத்துக்கொண்டார். தங்கூசி என்கிற நைலோன் நூலை எச்சில் தொட்டு முடிச்சுப் போட்டு இழுத்தார். காய்ந்த நூலில் போடும் முடிச்சு கடையில் நிற்கும், கடலில் நிற்காது என்றார். பிறகு பொய்மீன். றப்பரிலும் தகட்டிலும் செய்த இரைக்கு உங்கள் ஊரில் அதுதான் பெயர். கடைக்காரர் நல்ல நிறமானவற்றை எடுத்துப் போட, இவர் ஒரு வாளி தண்ணீர் கேட்டார். ஒவ்வொன்றையும் நூலில் கட்டி வாளிக்குள் இழுத்துப் பார்த்தார்.

“அண்ணை, அந்த வாளிக்கை மீன் இல்லை” என்றார் கடைக்காரர்.

“தெரியும். வாளிக்கை நீந்தாதது கடலுக்கை போய் நீந்தப் பழகுமோ?”

பத்தில் ஏழைத் தள்ளிவிட்டார். கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. இந்த மனிதர் தன் கெட்டித்தனத்தை எனக்குக் காட்டுகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

இரண்டு கிழமை கழித்து, வருட முடிவில், கடையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஏழாம் இலக்கம் முடிந்துவிட்டது, பன்னிரண்டு இருக்கிறது, அனுப்பவா என்று கேட்டார்கள். அன்றைக்கே கடிதம் போகாவிட்டால் திட்டப் பணம் திரும்பிவிடும். ஏழைவிடப் பன்னிரண்டு பெரியது. பெரிய முள்ளு பெரிய மீன் பிடிக்கும். அனுப்பச் சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.

தூண்டில் முள்ளில் இலக்கம் கூடக்கூட முள்ளு சிறுக்கும். உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாது.

பிரதம விருந்தினர் வரும்வரை பெட்டிகளை உடைக்கக்கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் ஒழுங்கு. அதனால் அவை சங்க மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால்தான் உடைந்தன. முதல் பெட்டியை வாங்கியவர் ஒரு முள்ளை விரலில் வைத்துத் தூக்கிக் காட்டினார். பின்னால் நின்ற ஒருவர், இதிலை நுளம்பு பிடிக்கலாம் என்றார். மண்டபம் சத்தமானது. நான் பிரதம விருந்தினருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். எழும்பவில்லை. தவராசா அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு முன்னுக்கு வந்து சொன்னார்:

“ஏழு இல்லையெண்டு கடைக்காரன் சொல்ல, நான்தான் பன்னெண்டைத் தரச்சொன்னனான். என்ரை பிழை.”

அந்தப் பெயர் அன்று மாலையே வந்துவிட்டது. பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆனால் உங்களில் ஒருவரும் அவர் சொன்னதை நம்பவில்லை. பதின்மூன்று வயதில் கடலுக்குப் போனவர் ஏழையும் பன்னிரண்டையும் குழப்ப மாட்டார். அது படித்த ஆள் மட்டுமே விடக்கூடிய பிழை. ஆகவே அவர் பிழை விடவில்லை, கடைக்காரரிடம் கமிசன் வாங்கிவிட்டார் என்று முடிவெடுத்தீர்கள். யோசித்துப் பார்த்தால் உங்கள் முடிவு நியாயமானதுதான். அவர் சொன்ன பொய் அவ்வளவு மோசமான பொய்.

அந்தப் பருவம் போனது. கடை திருப்பி எடுக்கவில்லை. பெரிய மீன் கடித்த முள்ளெல்லாம் நிமிர்ந்து வந்தன. சிலர் களப்புக்குள் சின்ன மீன் பிடித்தார்கள், சிலர் கூலிக்குப் போனார்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் அவரைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்தீர்கள். பிறகு ஊருக்குச் சாமான் வாங்க அவரை யாரும் அனுப்பியதில்லை. நகத்தில் நுனி பார்க்காமல் வாங்கிய முள்ளுகளோடுதான் இத்தனை வருடமும் போய் வந்தீர்கள்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அந்த வாரமே கேட்டேன். இரக்கப்பட்டுச் சொல்லவில்லை என்று முதலில் தெளிவாக்கினார். “என்னை ஊர் துரத்தேலாது, நான் இஞ்சத்தை ஆள். உங்களை மாத்திப்போட்டா வலை வராது.” கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்கிறார். கணக்கு பிழைத்தது. அடுத்த வருடம் நிறுவனம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. வலை வரவில்லை. நானும் போய்விட்டேன்.

சில வருடங்களுக்குப் பிறகு புதுக்குடியிருப்பில் ஒரு கடையில் அவரைக் கண்டேன். தனக்கு மட்டும் இரண்டு பொய்மீன் வாங்கிக்கொண்டிருந்தார். கடையில் நின்ற ஒருவர், அண்ணை பன்னெண்டு வேணுமோ என்று கேட்டார். இவர், “உனக்கு வேணுமெண்டா வாங்கு, உன்ரை வாய்க்கு அளவாயிருக்கும்” என்றார். வெளியே வந்து, இப்போதாவது நான் ஊருக்கு வந்து உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை.

“அண்டைக்குச் சொல்லியிருந்தா உங்களுக்கு வேலை போயிருக்கும். இண்டைக்குச் சொன்னா, இவ்வளவு காலமும் பொய் சொன்னவன் எண்டு எனக்கு இன்னொரு பேர் வரும். விடுங்கோ.”

விட்டுவிட்டேன். அவர் மறுத்தது எனக்கு வசதியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

போன கிழமை சுதர்சினிக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதப்போவது இதைத்தான், வேண்டாமென்றால் வேறு யாரிடமாவது கேளுங்கள் என்றேன். 

“நானும் அம்மாவும்கூட அப்பா காசு எடுத்திருப்பார் எண்டுதான் நினைச்சனாங்கள், மிஸ்” என்றார். “ஒருநாளும் கேக்கேல்லை. கேட்டா வெக்கப்படுவார் எண்டு விட்டிட்டம்.” பிறகு, “எழுதுங்கோ. ஒண்டையும் குறைக்காதேங்கோ” என்றார்.

ஆகவே எழுதுகிறேன். பன்னிரண்டாம் இலக்கத்துக்குக் கையெழுத்து வைத்தது நான். அவர் ஒரு சதமும் வாங்கவில்லை. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருவேன். கேட்க இருப்பவர்கள் முகத்துக்கு நேரே கேட்கலாம்.

அவரைப் பற்றி நான் நினைவில் வைத்திருப்பது அவர் என்னைக் காப்பாற்றியதை அல்ல. அதற்கு முன்னும் பின்னும் அவர் யாரையும் காப்பாற்ற நினைத்தவரல்லர். மண்டபம் காலியான பிறகு அவர் சொன்ன ஒரு வசனத்தை வைத்திருக்கிறேன். வவுனியாவிலிருந்து அழைப்பு வந்த அந்த மத்தியானம் அவர் என் அலுவலகத்துக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார், சங்கக் கடிதம் ஒன்றுக்கு முத்திரை வாங்க. அவர் இருந்தது எனக்குத் தெரியும். கதவு திறந்துதான் கிடந்தது. உடைந்த பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், முதல்முறையாக மிஸ் என்று சொல்லாமல் சொன்னார்:

“கேட்டிருக்கலாம்தானே தங்கச்சி. நான் வாசலிலைதானே இருந்தனான்.”