அப்பா சத்தமாக வாசித்த விடுதலைப் பத்திரம்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். இப்படியான மலர்களில் போனவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவதுதான் எங்கள் வழக்கம். நானும் நல்லதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் கனடாவில், மில்லிக்கனில் எங்கள் வீட்டின் நிலத்தடி பேஸ்மென்றில் இத்தனை வருடங்களாக நடந்ததை விட்டுவிட்டு அப்பாவின் கதையை எழுத முடியாது. அம்மாவிடம் கேட்டேன். சனம் என்ன சொல்லும் என்று முதலில் யோசித்தார். இரண்டு நாள் கழித்து, எழுது என்று அவரே சொன்னார்.

அப்பா கரவெட்டியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். கடைக்குட்டி எங்கள் சித்தப்பா. அவரைத் தோளில் தூக்கித் திரிந்தே அப்பாவின் ஒரு தோள் பதிந்துவிட்டது என்று அத்தைமார் பகிடி பண்ணுவார்கள். படித்து முடித்ததும் அப்பாவுக்கு அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. பழைய ஆங்கிலக் கூட்டெழுத்தில் எழுதிய காணி உறுதிப் பத்திரங்களை மற்றவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா மளமளவென்று வாசித்து முடித்துவிடுவாராம்.

சண்டை பெருத்தபோது அண்ணனும் தம்பியும் வெளிநாடு போவதற்காகக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கினார்கள். அங்கே ஆமி நடத்திய ஒரு சுற்றிவளைப்பில் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மேலே கேட்டால் அப்பா எழும்பிப் போய்விடுவார்.

கனடாவில் அப்பாவின் அகதிக் கோரிக்கையை முதலில் மறுத்தார்கள். பிறகு மேன்முறையீடு, பிறகு காத்திருப்பு. அம்மாவும் நானும் வந்து சேரப் பல வருடங்கள் சென்றன. அந்தக் காலம் முழுவதும் அப்பா தன் அகதிக் காகிதத்தை ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டுச் சட்டைப் பொக்கற்றில் வைத்திருந்தார். குளிக்கும்போது அது கதவில் தொங்கும். குடியுரிமை கிடைத்த பிறகும் உறை பொக்கற்றை விட்டு இறங்கவில்லை. வீட்டுக்குள்ளே உங்களை ஆர் மறிக்கப் போவது, கதவா என்று அம்மா கேட்பார். அப்பா சிரிப்பார், உறையைத் தொட்டுப் பார்ப்பார்.

எழுதுவினைஞர் இங்கே ட்ரைவோல் வேலைக்காரர் ஆனார். பழைய வீடுகளின் சுவர்களை உடைத்து, கத்தியால் வெட்டக்கூடிய ஜிப்சம் பலகைகளால் புதுச் சுவர் எழுப்புவது வேலை. விடியவே போய்ப் பின்னேரம் நாலேகாலுக்கெல்லாம் திரும்பிவிடுவார். எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, யூனியன்வில்லில் ஒரு மிகப் பழைய வீட்டில் சுவரை உடைத்தபோது பலகைகளுக்கு நடுவில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. உள்ளே ஒரு காகிதம். வீட்டுக்காரர் அதைக் குப்பையில் போடச் சொன்னார். அவரிடம் கேட்டு வாங்கி அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அது ஒரு விடுதலைப் பத்திரம். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிவதற்கு முன்னரே, எசமானின் மரணசாசனத்தால் விடுவிக்கப்பட்ட சாமுவேல் என்ற கறுப்பின மனிதருக்கு வேர்ஜினியாவில் ஒரு நீதிமன்ற எழுதுவினைஞர் எழுதிக்கொடுத்தது. முழுப்பெயரின் மிச்சம் மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. அவருடைய உயரம், நிறம், உடம்பில் உள்ள தழும்புகள் எல்லாம் எழுதியிருந்தன. விடுதலையானவர் என்பதற்கு ஒரு வெள்ளையர் சாட்சி. இந்தக் காகிதத் துண்டு இல்லாமல் தெருவில் அகப்பட்டால் மறியலில் அடைத்து, பிறகு விற்றும்விடலாம். நீதிமன்றத்தில் வெள்ளையருக்கு எதிராக அவர் வாய் திறக்கவும் முடியாது. இதையெல்லாம் அப்பாதான் எனக்கு விளங்கப்படுத்தினார்.

"விடுதலை கிடைச்ச மனுசனுக்கும் துண்டு வேணும், பிள்ளை. துண்டு இல்லாட்டி அவன் மனுசனில்லை, சாமான்."

துண்டு தேவைப்படாத கனடாவுக்கு வந்த பிறகும் சாமுவேல் அதை எறியாமல் ஏன் சுவருக்குள் வைத்தார் என்று கேட்டேன். அப்பா காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். சாமுவேல் அண்ணை என்றே அவரைக் குறிப்பிடத் தொடங்கினார். தனக்கு முதல் இந்த ஊருக்கு வந்தவர், அப்படியென்றால் அண்ணைதானே என்பது அவர் கணக்கு.

காகிதம் வீட்டுக்கு வந்த மறுநாள் பின்னேரம் நாலு மணி. அப்பா இன்னும் வேலையால் வரவில்லை. கீழே பேஸ்மென்றில் அலுமாரியின் இழுப்பு லாச்சி இழுபடும் சத்தம் கேட்டது. ஒன்றை இழுத்து, துழாவி, அடுத்ததை இழுக்கும் சத்தம். அம்மா எதையோ தேடுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். அம்மா அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றார். நான்தான் கீழே தேடுகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, கீழே இன்னொரு லாச்சி இழுபட்டது.

அப்பா வந்ததும் மூவரும் இறங்கிப் பார்த்தோம். சுவரோடு நின்ற அலுமாரியின் நான்கு லாச்சிகளும் வெளியே இழுபட்டிருந்தன. ஒன்றும் களவு போகவில்லை. எலி என்றார் அம்மா. எலிக்கு லாச்சி இழுக்கத் தெரியாது என்பது அம்மாவுக்கும் தெரியும். அடுத்த நாளும் நாலு மணிக்கு அதே சத்தம். கோயிலில் அருச்சனை செய்தோம். ஐயர் வந்து நூல் கட்டினார். நூல் கட்டிய லாச்சியும் இழுபட்டது.

அப்பா மட்டும் பயப்படவில்லை. தேடுபவர் தேடட்டும் என்றார். வேலையை இன்னும் அரை மணி நேரம் முந்தி முடிக்க ஒழுங்கு செய்துகொண்டு, தினமும் நாலு மணிக்குக் கீழே கதிரையில் உட்கார்ந்து அந்தப் பத்திரத்தை ஆங்கிலத்தில் சத்தமாக வாசிப்பார். இவருடைய உயரம் இவ்வளவு, நிறம் இது, வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு, முன்பற்களுக்கு இடையில் ஒரு வெளி, இவர் சுதந்திரமானவர். சத்தம் அப்படியே அடங்கிவிடும். மற்ற வீடுகளில் தேவாரம் கேட்பது போல எங்கள் வீட்டில் இது கேட்டது. நாளடைவில் எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. கலியாணமாகி வேறு வீட்டுக்குப் போன பிறகும் நாலு மணியானால் என் வாய் தானாக முணுமுணுக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன் அப்பாவின் உடல் தளரத் தொடங்கியது. தன் காலத்துக்குப் பிறகு பத்திரத்தை உரியவர்களிடம் சேர்க்கும்படி சொன்னார். நான் அதன் படங்களை ஒரு ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை செய்யும் கறுப்பின அம்மையாரின் முன்னோர் ஒருவரும் இப்படியொரு பத்திரத்தோடுதான் எல்லை கடந்தவராம். அவர் கூட்டெழுத்தை விரலால் தொடர்ந்து வாசித்தார். கழுத்தில் சூட்டுக்காயம். இடது கைச் சின்னவிரல் வளைந்தது. அத்தோடு விவரணை முடிந்தது. புருவத் தழும்பு எங்கே என்று கேட்டேன். அப்படி ஒன்றும் இதில் எழுதப்படவில்லை என்றார். இன்னொரு முறை வாசித்துக் காட்டினார். பல்லில் வெளியும் இல்லை.

காரில் ஏறியிருந்து அப்பா வாசிக்கும் வரிகளை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். புருவத்தில் தழும்பும் பல்லில் வெளியும் யாருக்கு இருந்தன என்பது எனக்குத் தெரியும். எங்கள் சாமியறையில் ஒரு குடும்பப் படம் இருக்கிறது. அதில் சித்தப்பா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

அப்பாவிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கடைசி மாதத்தில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்; அம்மாவுக்குத் துணையாக நான் வீட்டில் வந்து தங்கினேன். வாசிக்க ஆளில்லாத முதல் நாளே சத்தம் படியேறி மேலே வந்தது. அப்பாவின் அறைக்கதவைத் திறந்து பார்த்தேன். அலுமாரியில் தொங்கிய அத்தனை சட்டைகளின் பொக்கற்றுகளும் நாக்கை நீட்டியது போல உட்புறம் வெளியே இழுபட்டுக் கிடந்தன. நான் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரிச் சட்டையில் பொக்கற்று இருக்கவேண்டிய இடத்தைத் தடவினார். பிறகு, அம்மாவும் நானும் கேட்க, முப்பது வருடமாகச் சொல்லாததைச் சொன்னார்.

"பொலிஸ் பதிவுக்குக் கொப்பி எடுக்க ரெண்டு ஐசியையும் நான்தான் கொண்டுபோனனான். ஒரு நடை மிச்சம் எண்டு நினைச்சன். திரும்பி வர நாலு மணி. லொட்ஜ் வாசல்லை அவங்கடை வாகனம் நிண்டது. அவனை ஏத்திறாங்கள். ஐசி எங்கை, ஐசி எங்கை எண்டு கேக்கிறாங்கள். அவன் என்னைக் கண்டிட்டான். அண்ணை எண்டு கூப்பிடேல்லை. நான் பொக்கற்றிலை கையை வைச்சுக்கொண்டு மற்றப் பக்கமா நடந்திட்டன்."

அந்த அடையாள அட்டை இப்போது எங்கே என்று அம்மா கேட்டார்.

"சாமுவேல் அண்ணை வைச்ச மாதிரித்தான். சுவருக்குள்ளை, லாச்சி அலுமாரிக்குப் பின்னாலை."

நான் வீட்டுக்குப் போய் லாச்சி அலுமாரியை நகர்த்தினேன். அப்பாவின் கத்தியாலேயே ட்ரைவோலை வெட்டினேன். வெட்டும்போது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் நிற்பது போல இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. உறைக்குள் அட்டை புதிதாகவே இருந்தது. இருபத்திரண்டு வயதுச் சித்தப்பா அதில் சிரிக்காமல் இருந்தார்.

அட்டையைக் காட்டியபோது அப்பா தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் பின்னேரம் அமைதியாகப் போய்விட்டார்.

சித்தப்பாவுக்கு இதுவரை திவசம் செய்ததில்லை. உடலும் இல்லை, திகதியும் இல்லை. செய்தால் அவரை நாங்களே கொன்றது போலாகிவிடும் என்று அம்மா தடுத்துவந்தார். ஈமச்சடங்கு மண்டபத்தில் வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் அதே அம்மா, அப்பாவின் பட்டுச் சட்டையின் பொக்கற்றில் அந்த அட்டையை வைத்தார். குனிந்து சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

"இஞ்சருங்கோ, இதைத் தம்பியிட்டைக் குடுத்திட்டு, மன்னிப்பும் கேளுங்கோ."

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று அப்பா விரும்பிச் சாப்பிட்டவற்றைச் சமைத்து, பேஸ்மென்றில் அவருடைய கதிரைக்கு முன்னால் படைத்தோம். வழக்கப்படி விளக்கை ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு, படியில் உட்கார்ந்திருந்தோம். நாலு மணிக்கு உள்ளே லாச்சி எதுவும் இழுபடவில்லை. ஒரு கதிரை இழுபட்டது. பிறகு, சுவரோடு சாத்தியிருந்த கதிரைகளில் ஒன்று. சற்றுப் பொறுத்து, தள்ளி ஒன்று. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூண்டு பேர், சாமுவேல் அண்ணையும். சோறு போதுமோ தெரியாது" என்றார்.

அதன் பின் எங்கள் வீட்டில் சத்தம் இல்லை. நாலு மணிக்கு அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

அப்பாவைத் தம் தகப்பனைப் போலப் பார்த்த ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், பிக்கரிங்கிலிருந்து தினமும் கஞ்சியோடு வந்த மாமிக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், விறைக்கும் குளிரில் வந்து நின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சாமுவேல் அண்ணையின் பத்திரத்தைக் காப்பக அம்மையார் இரண்டு கைகளாலும் வாங்கினார். அவருக்கும், சாமுவேல் அண்ணைக்கும் நன்றி.

சித்தப்பாவுக்கு யாரும் மலர் வெளியிடவில்லை. லொட்ஜ் வாசலில் அவர் இன்னார் என்று சொல்ல ஒரு துண்டும் இருக்கவில்லை, ஒரு சாட்சியும் முன்வரவில்லை. அப்பா வாசித்ததை எல்லாம் இப்போது நான் எழுத்தில் தருகிறேன்.

இத்தால் யாவருக்கும் அறியத் தருவது: இவருடைய உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். மாநிறம். வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. முன்பற்களுக்கு இடையில் ஒரு வெளி. சுதந்திரமாகப் பிறந்தவர். எவருடைய உடைமையும் அல்லர். இவரை நேரில் கண்டு பழகியவர்கள் இந்த மண்டபத்தில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். சாட்சியாகக் கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள்.