இரண்டு கண்டும் என் கையில்

கிள்ளான் நகரக் கடையொன்றில் தையல் மெஷின் எண்ணெய் வாசனை பட்டதும், இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்திலிருந்த எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு நினைவில் போய்விட்டேன். அங்கே அம்மா தான் நூற்ற நூலை ராட்டையில் இரட்டையாக முறுக்கும்போது, ஒரு நூல்கண்டை அக்காவும் மற்றதை நானும் பிடித்திருப்போம். அதே எண்ணெய் போட்டும் சக்கரம் கிறீச்சிட, இழைகள் எங்கள் விரலிடுக்கில் சூடாக ஓடும்.

டெங்கிக் காய்ச்சலில் அக்கா இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அம்மா ராட்டையை எடுத்தார்.

"இப்ப எதுக்கு இது? விடுலா," என்றார் அப்பா.

அம்மா இரண்டு கண்டுகளையும் என்னிடம் நீட்டினார். "நீயே புடிச்சுக்கோ."

என் கையில் இழை அறுந்தது. அம்மா முடிச்சுப் போட்டுச் சுற்றினார். மறுபடியும் அறுந்தது.

"அவ கையில ஒருநாளும் அறுந்ததில்ல," என்றார், என்னைப் பார்க்காமலே.

"மன்னிச்சிடும்மா," என்றேன். எனக்கு அப்போது எட்டு வயது.